எட்டு மணி மாத்திரை

"பம்பளிமாஸ் ஏதாச்சும் சாப்பிட்டீங்களா?" என்று டாக்டர் லிசி கேட்டபோது என் தம்பி அப்துல் அஹத் தன் செருப்பின் வாரைப் பார்த்துக்கொண்டிருந்தான். இல்லை என்று தலையாட்டினான். வேறு டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரை, நாட்டு மருந்து, லேகியம் ஏதாவது? அதற்கும் தலையாட்டல்தான். டாக்டர் கம்ப்யூட்டர் திரையைத் தன் பக்கம் திருப்பி மறுபடியும் படித்தார். ஒரு மாத்திரையைப் பாதியாகக் குறைத்து, இன்னொன்றை அடியோடு நிறுத்தி ஒரு மாதம் ஆகிறது. ஆனால் ரத்தத்தில் மருந்தின் அளவு இறங்கவே இல்லை. "சில பழம் இருக்கு, அதைச் சாப்பிட்டா மருந்து சீக்கிரம் உடம்ப விட்டுப் போகாது. அதான் கேட்டேன்," என்றார். பிறகு எழுந்து வந்து அவன் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். காதுக்குக் கீழே இருந்த கட்டியை விரலால் உருட்டியபோது அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இந்தச் சில மாதங்களில் ஒன்றும் தெரியாத முகங்களைப் படிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறேன். கட்டி பெரிதாகியிருந்தது.

"மாத்திரையக் குறைச்சா கரையும்னு சொன்னீங்களே டாக்டர்," என்றேன். என் குரல் நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது.

"குறைஞ்சிருந்தா கரைஞ்சிருக்கலாம்மா. குறையவே இல்லையே." அவர் என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். "இன்னும் ரெண்டு வாரம். அப்பவும் இப்படியே இருந்தா நேரா கட்டியக் கரைக்கிற ஊசிக்குப் போகணும். ஆனா உடம்பு கொஞ்சமாவது முழிச்சாத்தான் ஊசியும் ஒழுங்கா வேலை செய்யும். லேட்டாச்சுன்னா எதுக்கும் அடங்காது."

முதன்முதலில் இதை எங்களுக்கு விளக்கிய நாளில் அவர் ரொம்பச் சாதாரணமாகத்தான் பேசினார். ஒரு வைரஸ் இருக்கிறது. நம்மில் பெரும்பாலோருக்குச் சின்ன வயதிலேயே, யாரோ கொடுத்த முத்தத்திலோ எச்சில் பட்ட டம்ளரிலோ அது வந்து சேர்ந்துவிடும். வெள்ளணுக்களுக்குள் புகுந்து படுத்துக்கொள்ளும். ஆயுசு முழுக்க அங்கேயே கிடக்கும். நம்முடைய எதிர்ப்புச் சக்தி காவல்காரன் மாதிரி அதன் தலைமாட்டில் உட்கார்ந்திருப்பதால் எழுந்திருக்காது. ஆனால் இன்னொருவர் கிட்னியை வைத்துக்கொண்டவர்களுக்கு அந்தக் காவல்காரனையே மாத்திரை கொடுத்துத் தூங்கவைக்க வேண்டியிருக்கிறது. இல்லாவிட்டால் புதுக் கிட்னியை யாரோ அந்நியன் என்று அவன் அடித்துவிடுவான். அவன் தூங்கினால் படுத்திருப்பது எழுந்துகொள்ளும். அஹதுக்கு ஒன்றல்ல, இரண்டு வைரஸ்கள் சேர்ந்து எழுந்திருந்தன, ஒன்றுக்கு ஒன்று ஒத்தாசையாக. வெள்ளணுக்கள் வரைமுறையில்லாமல் பெருகிக் கழுத்திலும் வயிற்றிலும் கட்டியாகியிருந்தன. அதற்கு லிம்ஃபோமா என்று பெயர். ரத்தப் புற்றுநோயில் ஒரு வகை. முதல் வைத்தியம், மாத்திரையைக் குறைத்துக் காவல்காரனை எழுப்புவதுதான். எழுந்தவன் கட்டியை அடிப்பான். கூடவே கிட்னியையும் அடிக்கலாம். "கிட்னி போனா டயாலிசிஸ் மெஷின் இருக்கு. ஆள் போனா என்ன இருக்கு?" என்றார். அதைச் சொன்னபோது அவர் அஹதைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். அது என் கிட்னி.

எல்லோரும் இப்போது என்னைப் பார்த்துதான் பேசுகிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. கொடுத்தபோதும் பிடிக்கவில்லை. நான்கு வருடங்களுக்கு முன்னால் என் இடப்பக்க விலாவுக்குக் கீழே கீறி எடுத்து அவன் வலப்பக்க அடிவயிற்றில் வைத்தார்கள். அன்றோடு அது முடிந்துபோன காரியம் என்று நினைத்தேன். ஆனால் என்னைச் சுற்றியிருந்தவர்கள் முடியவிடவில்லை. பள்ளிவாசலில் ஜும்மா பயான் பிரசங்கத்தில் பெயர் சொல்லாமல் "நம்ம மஹல்லாவிலேயே ஒரு சகோதரி" என்று பேசினார்கள், பெயர் தெரியாத ஆள் ஒருவர்கூட அங்கே இல்லை. நான் கணக்கு டீச்சராக வேலை பார்ப்பது ஸ்ரீரங்கத்துப் பள்ளிக்கூடம். அங்கே தமிழ் எடுக்கும் டீச்சர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "எப்பேர்ப்பட்ட கைங்கர்யம் பண்ணியிருக்கேள்! பெருமாள் உங்களைக் கண் திறந்து பாத்துண்டிருக்கார்," என்றார். அன்றிலிருந்து ஸ்டாஃப் ரூமில் நான் ஒரு டம்ளர் தண்ணீர் எடுக்க எழுந்தால்கூட மூன்று பேர் எழுந்தார்கள். எல்லாவற்றையும்விட அஹத் வீடு. பக்ரீதுக்குக் குர்பானி கொடுத்தால் ஆட்டின் குண்டிக்காயை, அதாவது அதன் கிட்னியை, மிளகு போட்டு வறுத்து எனக்கென்று எடுத்துவைப்பது அம்மா காலத்திலிருந்து எங்கள் வீட்டு வழக்கம். எனக்கு அவ்வளவு பிடிக்கும். ஆபரேஷனுக்குப் பிறகு அஹத் வீட்டில் யாரும் அதைச் சமைப்பதில்லை. கறி வாங்கிப்போக வருபவர்களிடம் முதலில் அதைத்தான் கொடுத்து அனுப்புகிறார்கள். நான் ஒருமுறை கேட்டதற்கு, "எப்படிக்கா அத வாயில வைக்கிறது?" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. ஆட்டின் குண்டிக்காய்க்கும் எனக்கும் என்னடா சம்பந்தம் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. எங்கள் குடும்பத்தில் கேட்க வேண்டியதைக் கேட்காமல் இருப்பதற்குப் பெயர் மரியாதை.

ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோ பிடித்தேன். அஹத் ஏறும்போது வலது முழங்கையை வயிற்றின் குறுக்கே வைத்துக்கொண்டு ஏறினான். நான்கு வருடமாக அப்படித்தான். பஸ்ஸில் போவதில்லை, பைக்கை விற்றுவிட்டான், பள்ளிவாசலில் தொழுகை முடிந்து கூட்டமாக வெளியே வரும்போது கடைசி ஆளாக வருவான். வயிற்றுக்குள் முட்டையை வைத்திருப்பவன் மாதிரி நடப்பான். ஆட்டோ தில்லைநகரைத் தாண்டியது. மாத்திரை குறையாமல் பழைய அளவிலேயே போகிறதோ என்ற சந்தேகம் எனக்கு டாக்டர் அறையிலேயே வந்துவிட்டது. ஆனால் அது அவன் மேல் வரவில்லை. வீட்டில் மாத்திரையைப் பிரித்துக் கையில் கொடுப்பது அவன் மனைவி வஹீதா. டயாலிசிஸ் செய்த மூன்று வருடமும் அவனைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய்க் கூட்டிவந்தவள் அவள். மறுபடியும் அந்த நாற்காலிக்குப் போகக் கூடாது என்று அவள் பயந்திருக்கலாம். பயந்தவர்கள் எதையும் செய்வார்கள். நான் கோபத்தைப் பத்திரப்படுத்தி வைத்துக்கொண்டேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டு நெரிசலில் ஆட்டோ நின்றபோது அவன், "என்னயக் கடையில எறக்கி விட்டுரு. வீட்டுக்கு அப்புறம் போய்க்கிறேன்," என்றான்.

"காய்ச்சல் அடிக்குதுடா. வீட்டுல படு."

"படுத்தா நோயாளியா ஆயிடுவேன்க்கா."

அவனைப் பெரிய கடைவீதி முனையில் இறக்கிவிட்டு நான் அவன் வீட்டுக்குப் போனேன். தர்காவுக்குப் பின்னால் இருக்கிற சந்தில் ஆட்டோ நுழையாது. நடந்து போய்க் கதவைத் திறந்தால் கூடத்தில் பரக்கத் அலி உட்கார்ந்திருந்தார். வஹீதாவின் அண்ணன். அஹதுக்குக் கிட்னி தேவைப்பட்டபோது ரத்த வகை பொருந்திய முதல் ஆள் அவர்தான். பிறகு தனக்கு சுகர் இருப்பதாகச் சொல்லி ஒதுங்கிக்கொண்டார். இப்போது டீயில் தேங்காய் பிஸ்கட்டை முக்கிக்கொண்டிருந்தார்.

"வாம்மா நசீரா. டாக்டரம்மா என்ன சொல்றாங்க?"

சொன்னேன். அவர் பிஸ்கட்டை மென்று முடித்துவிட்டு, "நான் நெட்ல பாத்தேன். இந்த வைரஸு, குடுக்குறவங்க கிட்னியோட சேந்தே வருமாமே?" என்றார்.

"வரலாம்னு டாக்டரும் சொன்னாங்க. அவன் உடம்புலயே முன்னாடியே இருந்திருக்கவும் செய்யலாம். இப்ப யாராலயும் சொல்ல முடியாது."

"இல்ல, குத்தமா சொல்லல. குடுக்குறப்பவே நல்லா செக் பண்ணிக் குடுத்திருக்கலாம்ல?"

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. வஹீதா கேட்டுக்கொண்டிருந்தாள். "குடுத்திருக்கலாம்ண்ணே," என்றேன். "உங்களோடத எடுத்திருந்தா எந்தப் பிரச்சினையும் வந்திருக்காது. சுத்தமான கிட்னி. இதுவரைக்கும் ஒருத்தருக்கும் ஒதவாதது."

அவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். "கோபத்துல பேசுற. பரவால்ல. உன் நிலைமை அப்படி," என்றார். என் நிலைமை என்ன என்பதை அந்தத் தெருவில் எல்லோரும் என்னைவிட நன்றாக அறிந்துவைத்திருந்தார்கள். நான் அடுப்படிக்குப் போனேன்.

வஹீதா அரிசி களைந்த தண்ணீரில் கையை வைத்தபடி நின்றாள். மாத்திரையை யார் கொடுக்கிறார்கள் என்று கேட்டேன். நான்தான் என்றாள். எவ்வளவு கொடுக்கிறாய் என்று கேட்டேன். அவள் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். கேள்வி எங்கே போகிறது என்று அவளுக்குப் புரிந்த நிமிடத்தை நான் பார்த்தேன். கையைத் துடைக்காமல் அலமாரிக்குப் போய் மாத்திரை டப்பாவை எடுத்துவந்து மேடை மேல் கவிழ்த்தாள். ஈரக் கையால் ஒவ்வொரு அட்டையையும் நிமிர்த்தி வைத்தாள். எல்லாம் டாக்டர் குறைத்த அளவுக்குச் சரியாக இருந்தது.

"பாத்துக்குங்க. நல்லாப் பாத்துக்குங்க. நிறுத்தச் சொன்ன மாத்திரைய அன்னிக்கே தூக்கிப் போட்டாச்சு. அவரே குப்பையில போட்டாரு, நான் பாத்தேன்." காலி டப்பாவை என் பக்கம் தள்ளினாள். "கிட்னி வேணும், புருஷன் வேணாம்னு சொல்ற பொம்பளையாக்கா நானு?"

"தப்பா நெனச்சுட்டேன்."

"நெனைப்பீங்க. எல்லாரும் நெனைப்பீங்க. ஒங்க தம்பி ஒரு வாய் சோறு எறங்காமக் காய்ச்சல்ல நடுங்கிக்கிட்டுக் கடைக்குப் போறாரு. ஒரு நாள் தவறுனதில்ல. வெள்ளிக்கிழமகூடத் தொழுதுட்டு நேரா கடைதான். இந்த மாசம் அங்க என்ன பெரிய யாவாரம்? ஸ்கூல் தொறந்து எத்தன நாளாச்சு, இப்ப யாரு வந்து பை வாங்குறா? கேட்டா எரிஞ்சு விழுறாரு..."

சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அதை நினைத்தோம். தூக்கிப் போட்டதாக அவள் பார்த்தது அட்டையைத்தான். அட்டைக்குள் மாத்திரை இருந்ததா என்று யாரும் பார்க்கவில்லை. வஹீதா புர்காவை எடுக்கத் திரும்பினாள். நான் வேண்டாம் என்றேன். அவள் வந்தால் அவன் அழுவான், அவன் அழுதால் அவள் விட்டுவிடுவாள்.

பெரிய கடைவீதிக்கு நடந்தே போனேன். மக்ரிப் தொழுகை முடிந்து விளக்குகள் எரிய ஆரம்பித்திருந்தன. நடக்க நடக்கக் கோபம் அடங்கும் என்பார்கள், எனக்கு அடங்கவில்லை. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. தம்பி மேலா? யாரோ கொடுத்த ஒரு முத்தத்தின் மேலா? அவனைத் தூக்கி வளர்த்தவள் நான். எனக்கும் அவனுக்கும் எட்டு வயது வித்தியாசம். நான் கடித்துக் கொடுத்த மிட்டாயைத்தான் தின்பான். வைரஸ் என் கிட்னியோடு போனதா, அந்த மிட்டாயோடு அப்போதே போயிருந்ததா என்று ஒரு மாதமாக என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. பள்ளி முடிந்து ஸ்ரீரங்கத்திலிருந்து அவனைப் பார்க்க வரும் பஸ்ஸில், காவேரிப் பாலம் வரும்போது, தினமும் அது தொடங்கும். பாலம் முடிந்தாலும் அது முடியாது. யார் கொடுத்தது என்று தெரிந்தால் என்ன ஆகிவிடும்? ஒன்றும் ஆகாது. ஆனாலும் கேட்கிறேன்.

அஹதின் கடை சின்னது. வாசலில் ட்ராலி பெட்டிகள், உள்ளே சுவரிலிருந்து கூரைவரைக்கும் ஸ்கூல் பைகள், நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம். என்னைப் பார்த்ததும் எழுந்தான். மடியில் வைத்திருந்த ஒரு பையை எடுத்து வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டே எழுந்தான். ஸ்டூலை இழுத்துப் போட்டான். உட்கார்ந்தேன். ஒரு அம்மா வந்து பிளாஸ்டிக் கூடையில் இருந்த ஒரு பழைய பையை எடுத்து நீட்டி, ஜிப் மாற்றித் தர முடியுமா என்று கேட்டார். அவன் ஜிப்பை இழுத்துப் பார்த்து, மாற்றினால் புதுசு மாதிரி ஆகிவிடும் என்றான்.

"எவ்ளோ நாளு வரும் பாய்? போன தடவ மாட்டுனது ஆறே மாசத்துல புட்டுக்கிச்சு."

"நல்லா வெச்சுக்கிட்டா என்னயவிட அதிக நாளு வரும்மா."

அந்த அம்மா சிரித்தார். அவனும் சிரித்தான். எனக்கு அங்கே தொங்கிய அத்தனை பைகளையும் இழுத்துத் தெருவில் எறிய வேண்டும்போல் இருந்தது. அந்த அம்மா போன பிறகும் அவன் முகத்தில் சிரிப்பு மிச்சம் இருந்தது. கன்னம் ஒட்டிப்போய்ப் பல்லெல்லாம் பெரிதாகத் தெரியும் சிரிப்பு. கழுத்துக் கட்டியை மறைக்கக் கைக்குட்டையைச் சுற்றியிருந்தான்.

எட்டு மணிக்கு அலாரம் அடித்தது. காலை எட்டு, ராத்திரி எட்டு. ஆபரேஷன் ஆன நாளிலிருந்து அந்தச் சத்தத்துக்கு அவன் வீட்டில் எல்லோரும் செய்கிற வேலையை விட்டுவிட்டு அவனைப் பார்ப்பார்கள். நிக்காஹ் வீட்டில், மையத்து கிடக்கும் சாவு வீட்டில், எங்கே அடித்தாலும் அவன் எழுந்துபோய் மாத்திரை போட்டுவிட்டு வருவான். இப்போது அவன் போனை அணைத்துவிட்டு, "வீட்டுக்குப் போயிப் போட்டுக்குவேன். வஹீதா எடுத்து வெச்சிருப்பா," என்றான்.

"அது வீட்டு மாத்திரை. கடை மாத்திரையப் போடு."

அவன் போனை மேஜை மேல் வைத்தான்.

"நான் பாக்கணும். எந்திரி. போடு."

அவன் எழுந்து, இரண்டாவது வரிசையில் தொங்கிய ரோஸ் நிறச் சின்னப் பையை இறக்கினான். எல்.கே.ஜி. குழந்தைகள் மாட்டும் பை. முன்பக்கத்து ஜிப்பைத் திறந்து ஒரு கண்ணாடிக் குப்பியை எடுத்தான். ஒரு கேப்ஸ்யூலையும், நிறுத்தச் சொன்ன மாத்திரை ஒன்றையும் உள்ளங்கையில் கொட்டிக்கொண்டான். வீட்டில் பாதி, இங்கே மீதி. அது திருடியவன் கை மாதிரி இல்லை. நேர்ச்சைப் பண்டம் ஏந்தியவன் கை மாதிரி இருந்தது. அதுதான் என்னை இன்னும் எரிச்சலாக்கியது.

"எப்பலேருந்து?"

"குறைச்ச அன்னிலேருந்து."

"எதுக்குடா?"

"அமானிதம்க்கா." மெதுவாகச் சொன்னான். நம்பி ஒருவர் ஒப்படைத்த பொருளை எங்களில் அப்படிச் சொல்வோம். சின்ன வயதில் எங்களைப் பெற்ற அத்தா சொல்லிக்கொடுத்த வார்த்தை. "ஒருத்தங்க நம்பிக் குடுத்தத நாம தொலைக்கலாமா? நாளைக்கு மறுமையில என்னயக் கேட்டா நான் என்ன சொல்லுவேன்?"

"திருப்பிக் குடுக்க வேண்டிய பொருளுக்குத்தாண்டா அமானிதம்னு பேரு. நான் எப்படா திருப்பிக் கேட்டேன்? ஆளக் காப்பாத்தணும்னு நான் அதக் குடுத்தேன். அதக் காப்பாத்தணும்னு நீ ஆளக் குடுக்குற. எவன்டா ஒனக்கு இந்தக் கணக்கச் சொல்லிக்குடுத்தான்?"

எதிர்க்கடைக்காரர் தலையை நீட்டிப் பார்த்தார். நான் அவரை முறைத்தேன். தலை உள்ளே போனது.

"மச்சான் இதாலதானக்கா போனாரு," என்றான் அஹத். "இந்தக் கிட்னியால. அதுக்கு அப்புறம் இதுவும் போயிடுச்சுன்னா ஒனக்கு என்னக்கா மிச்சம்?"

இதுதான் என் நிலைமை. பரக்கத் அலி சொன்னது, தெருவெல்லாம் சொல்வது. தானம் கொடுக்க என் கணவர் சம்மதிக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். கலீம் அப்போது குவைத்தில் இருந்தார். போனில் முடியாது என்றார். பிறகு ஊர்ப் பெரியவர்கள் பேசியதால் வந்தார், கையெழுத்துப் போட்டார், என்னை ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோன அன்று விமானம் ஏறினார். அதன் பிறகு வரவில்லை. தலாக்கும் சொல்லவில்லை. கிட்னி கொடுத்ததால் புருஷனை இழந்த நசீரா என்று ஆகிவிட்டேன். நான் திருவானைக்கோவிலில் தனியாக வீடு எடுத்துப் போனபோது அதையும் துக்கம் என்றார்கள். அந்த வீட்டில் முதல் நாள் கதவைச் சாத்திவிட்டு, விளக்கைப் போடாமல், யார் அழைப்பையும் எதிர்பார்க்காமல், தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த அந்தச் சாயங்காலத்தைப் பற்றி நான் யாரிடமும் சொன்னதில்லை. அவ்வளவு நிம்மதியை நான் என் கல்யாணத்துக்குப் பிறகு அனுபவித்ததில்லை.

எனக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு இல்லை. "லூசுப் பயலே. அவரு போறதுக்கு நேரம் பாத்துக்கிட்டு இருந்தாரு. ஒன் கிட்னி அவருக்கு ஒரு சாக்கு. எனக்கும் அது ஒரு சாக்குதான். அவரு போனதுல எனக்கு நஷ்டம்னு ஒனக்கு யாரு சொன்னா? நான் சொன்னனா? ஒருநாளாவது என்னய வந்து கேட்டியா?"

"நீயும் சொல்லலயேக்கா."

"நீ கேக்கலயே."

அவன் உட்கார்ந்தான். உள்ளங்கை அப்படியே விரிந்திருந்தது. நான் ஸ்டூலை அவன் பக்கம் இழுத்துக்கொண்டேன். கடைவீதியின் சத்தம் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அவன் பேசியபோது குரலே வேறாக இருந்தது.

"பொய்யிக்கா. அமானிதம், மச்சான், எல்லாம் பொய்யி. ஒனக்காகன்னு சொன்னா கௌரவமா இருக்கு. எனக்குப் பயமா இருக்குக்கா. மெஷினுக்குப் பயமா இருக்கு." கைக்குட்டையை அவிழ்த்து முகத்தைத் துடைத்தான். கட்டி தெரிந்தது. "ஒனக்குத் தெரியாது. ஒரு நாளைக்கு ரெண்டு டம்ளர் தண்ணி. சோத்துல இருக்கற தண்ணி, மாத்திரை முழுங்குற தண்ணி எல்லாம் சேத்து. இந்த ஊரு வெயில்ல. ராத்திரியில தலகாணி ஒறைய நனைச்சுச் சப்பிக்கிட்டுப் படுத்திருப்பேன், வஹீதாவுக்குக்கூடத் தெரியாது. மெஷின்லேருந்து வரப்ப ஆட்டோவ காவேரிப் பாலத்துக்கு விடச் சொல்லுவேன். அங்க எறங்கி நின்னு பாப்பேன். குடிக்கத்தான் கூடாது, பாக்கலாம்ல? ஒன்னோடத வெச்சதுக்கு அப்புறம் ஆஸ்பத்திரியில மொத மொத ஒண்ணுக்கு வந்தப்ப நான் அழுதேன். நர்ஸு வலிக்குதான்னு கேட்டுச்சு. திரும்ப அங்க போகச் சொல்றியா? செத்தாக்கூட ஒண்ணுக்கு ஒழுங்காப் போற ஆளாச் சாவுறேனே?"

இத்தனை நாள் சேர்த்துவைத்த கோபத்துக்குப் போக இடம் இல்லாமல் அது என் கைகளுக்குள் வந்து நின்றது. அவனை அடிக்க வேண்டும்போல் இருந்தது. சின்ன வயதில் அவன் கிணற்றுச் சுவரில் ஏறியபோது அடித்தேனே, அது மாதிரி. எந்த டாக்டரும் அவனிடம் தலையணை உறையைப் பற்றிக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கிட்னியைக் கொடுத்துவிட்டோம், இனி என்ன என்று இருந்துவிட்டேன்.

"பயமா இருந்தா பயந்துக்க," என்றேன். என் குரல் இன்னும் கோபமாகத்தான் இருந்தது, அதை நான் மாற்றப் பார்க்கவில்லை. "பயந்துக்கிட்டே மெஷின்ல போயிப் படு. நான் கூட வந்து உக்காருறேன். பாலத்துல நிக்கணும்னா நானும் நிக்கிறேன். ஆனா இத முழுங்கிட்டு எனக்காகன்னு மட்டும் சொல்லாத. எம் பேரச் சொல்லிச் சாவாத. அது எனக்கு வேணாம்."

"போயிடுச்சுன்னா?"

"போகட்டும்."

"போகாமயும் இருக்கலாம்ல?"

"இருக்கலாம்."

அணைத்ததாக நினைத்த அலாரம் மறுபடியும் அடித்தது. அவன் அதை ஒத்திவைத்திருந்தான் போலிருக்கிறது. மேஜை மேல் போன் நடுங்கி நடுங்கி நகர்ந்தது. அவன் அதை எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. வலது கையில் மாத்திரை இருந்ததால் அவன் இடது கையால் வயிற்றை அணைக்கப் போனான். எனக்கு என்ன தோன்றியதோ, குனிந்து அவன் கையை விலக்கிவிட்டு அந்த இடத்தில் என் கையை வைத்தேன். நான்கு வருடத்தில் ஒருமுறைகூட நான் அதைத் தொட்டதில்லை. சட்டைத் துணிக்கு அடியில், இடுப்பெலும்பை ஒட்டி, உள்ளங்கை அளவுக்கு மேடாக இருந்தது. காய்ச்சல் சூட்டோடு இருந்தது. அழுத்தினேன். அடியில் ஏதோ துடித்தது, அவனுடையதா என்னுடையதா தெரியவில்லை.

அவனுடைய மற்ற கை எங்கள் இருவருக்கும் நடுவில் விரிந்தே கிடந்தது. வியர்வையில் கேப்ஸ்யூலின் உறை இளகி உள்ளங்கை ரேகையோடு ஒட்டிக்கொள்ள ஆரம்பித்திருந்தது. அலாரம் அடித்துக்கொண்டே இருந்தது. தலைக்கு மேல் கூரை நெடுக, ஒன்றும் வைக்காத பைகள் மின்விசிறிக் காற்றில் மெல்ல அசைந்தன.